வட்டு சொந்தம், அனுமதி யாரிடம்?

லினக்ஸ் கணினிக்குப் புதிதாக மாறியவர்களில் பலர் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு புதிரில் முட்டிக்கொள்வார்கள். கடையில் வாங்கிய பென் டிரைவைச் செருகியதும் அது திறந்துகொள்கிறது. கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம், அழிக்கலாம். அதே கணினிக்குள் இன்னொரு ஹார்டு டிஸ்க்கை வாங்கிப் பொருத்தி, அதில் ஒரு கோப்புறையை உருவாக்கப் போனால், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று திரையில் வந்து நிற்கிறது.

வட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். கணினியும் அவருடையதுதான். அப்படியிருக்க, மறுப்பது யார்?

இணையத்தில் தேடினால் 777 என்ற எண் உள்ள ஒரு கட்டளை கிடைக்கும். அதைத் தட்டினால் சில நேரம் வேலை நடக்கும், சில நேரம் நடக்காது. நடந்துவிட்டால் அது இன்னும் பெரிய தொல்லை. ஏனென்று பின்னால் பார்க்கலாம். அதற்கு முன், இந்த மறுப்புக்குள் இருக்கும் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அது அரை நூற்றாண்டுப் பழையது. இன்றும் அழகு குறையாதது.

ஒரு கணினி, பல பேர்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். ‘என் கணினி’ என்று ஒரு தனி ஆள் சொல்லிக்கொள்ள முடியாத காலம் அது. ஒரே கணினியோடு பல முனையங்கள் இணைந்திருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வார். 1974இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் பிடிபி-11/45 கணினியை விவரித்திருக்கிறார்கள். நினைவகம் 144 கிலோபைட். கழற்றி மாற்றக்கூடிய வட்டுகளுக்கான இயக்கிகள் நான்கு. ஒவ்வொரு வட்டும் 2.5 மெகாபைட் கொள்ளும். அவை தவிர 40 மெகாபைட் வட்டு அடுக்கு ஒன்று. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த 2.5 மெகாபைட்டை நிரப்பிவிடும்.

இத்தனை சிறிய இடத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டபோது, யாருடைய கோப்பில் யார் கைவைக்கலாம் என்ற கேள்வி முதலிலேயே எழுந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர். உரிமையாளருக்கு மூன்று அனுமதிகள்: படிக்க, எழுத, இயக்க. மற்றவர்களுக்கும் அதே மூன்று. ஆறே ஆறு ஆம்-இல்லைகளில் விஷயம் முடிந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இவ்விரண்டுக்கும் நடுவில் ‘குழு’ வந்து சேர்ந்தது, ஆறு ஒன்பதாயிற்று. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது யூனிக்ஸின் இந்த ஏற்பாட்டையே கைக்கொண்டார். இன்றைய லினக்ஸ் மடிக்கணினியிலும் அடிப்படை அந்த ஒன்பதுதான்.

இந்த விதிகளுக்கு அப்பாற்பட்ட பயனர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ‘ரூட்’. நிர்வாகி என்று வைத்துக்கொள்ளலாம். அன்று கணினி அறையில் வட்டைத் தூக்கி வைத்து, ‘இதைச் சேர்த்துக்கொள்’ என்று இயந்திரத்துக்குச் சொன்னது அவருடைய வேலை. முனையத்தில் உட்கார்ந்திருந்த சாதாரணப் பயனருக்கு அதில் பங்கே இல்லை. வட்டைச் சேர்ப்பது நிர்வாகியின் காரியம் என்ற அந்த வழக்கம்தான் இன்று தன் சொந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரையும் வழிமறிக்கிறது.

பாய்க்கு அடியில் கோலம்

விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் சி, டி, இ என்று தனி எழுத்து உண்டு. லினக்ஸில் அப்படி இல்லை. எல்லாமே ஒரே மரம். புதிய வட்டு அந்த மரத்தின் ஏதாவது ஒரு கோப்புறையில் வந்து அமர வேண்டும். இப்படி அமர்த்துவதை மவுன்ட் என்பார்கள். இங்கே ‘ஏற்றுதல்’ என்று வைத்துக்கொள்வோம். அமரும் கோப்புறை ‘ஏற்றுமிடம்’.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒருவர் ‘தரவு’ என்று காலிக் கோப்புறை ஒன்றை உருவாக்குகிறார். நிர்வாகி அதிகாரத்தில் உரிமையாளரை மாற்றும் கட்டளையைக் கொடுத்து அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். சரிபார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு வட்டை அதன்மேல் ஏற்றுகிறார். மறுபடி பார்த்தால் உரிமையாளர் இடத்தில் ரூட்! மாற்றியதை யார் திருப்பினார்கள்?

யாரும் திருப்பவில்லை. கோலத்தின் மேல் பாயை விரித்தால் பாய்தான் தெரியும்; கோலம் அழியாமல் அடியில் கிடக்கும். வட்டு ஏறியதும் காலிக் கோப்புறை அதன் உரிமையாளரோடும் அனுமதிகளோடும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. இப்போது கண்ணுக்குத் தெரிவது வட்டின் சொந்த உச்சிக் கோப்புறை. அந்த வட்டை நிர்வாகிதான் வடிவமைத்தார், அதாவது ஃபார்மட் செய்தார். அதனால் அதன் உச்சி ரூட்டின் பெயரில் இருக்கிறது. மற்றவர்கள் உள்ளே போகலாம், படிக்கலாம், எழுத முடியாது.

தீர்வு அதே கட்டளைதான். வரிசைதான் மாற வேண்டும். முதலில் வட்டை ஏற்றிவிட்டு, அதன் பிறகு உரிமையாளரை மாற்ற வேண்டும். இம்முறை மாற்றம் வட்டுக்குள்ளேயே எழுதப்படுகிறது. கணினியை அணைத்துப் போட்டாலும், நாளை வேறொரு கோப்புறையில் ஏற்றினாலும் அது நிலைக்கும். ஒரு தடவை செய்தால் போதும்.

அக்காவின் கோப்புகள் தம்பிக்கு எப்படிப் போயின?

வட்டுக்குள் உரிமையாளர் எப்படி எழுதப்படுகிறார் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. அதை ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் பழைய கணினி ஒன்று. உபுண்டு நிறுவியது அக்கா. பிறகு தம்பிக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தார். டெபியனிலும், அதிலிருந்து வந்த உபுண்டுவிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றிலும், கணினியை நிறுவும்போது உருவாகும் முதல் சாதாரணக் கணக்குக்கு வழக்கமாக 1000 என்ற எண் கிடைக்கும். அடுத்தவருக்கு 1001. ஆக அக்கா 1000, தம்பி 1001. ரூட்டின் எண் எப்போதும் 0.

அக்கா தன் ஆய்வேட்டை இரண்டாவது ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கிறார். வட்டு, ஈஎக்ஸ்டி4 முறையில் வடிவமைக்கப்பட்டது. லினக்ஸுக்கே உரிய கோப்பு முறைமை அது. கோப்பு முறைமை என்றால் வட்டில் கோப்புகளை எங்கே, எப்படி அடுக்குவது என்ற ஒழுங்கு. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு விவரப் பதிவு உண்டு. வழக்கமான அளவு 256 பைட். கோப்பு எத்தனை பெரியது, எப்போது மாறியது, வட்டின் எந்தப் பகுதிகளில் கிடக்கிறது, ஒன்பது அனுமதிகள் என்னென்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையாளரும் இருக்கிறார். ஆனால் ‘அக்கா’ என்று அதில் எழுதியிருக்காது. 1000 என்றுதான் இருக்கும்.

எண்ணுக்கு உரிய பெயர் வட்டில் இல்லை. அது கணினியில், கணக்குகளைப் பட்டியலிடும் தனிக் கோப்பில் இருக்கிறது. திரையில் ‘உரிமையாளர்: அக்கா’ என்று காட்டும் ஒவ்வொரு முறையும், வட்டிலிருந்து 1000ஐ எடுத்து, அந்தப் பட்டியலில் 1000 யாரென்று பார்த்துத்தான் கணினி பெயரைச் சொல்கிறது.

இப்போது புதிய கணினி வருகிறது. இதைப் பிரித்து நிறுவியது தம்பி. அவருக்கு 1000. பின்னால் அக்காவுக்குக் கணக்கு திறந்தபோது 1001. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டுகிறார்கள். வட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஆய்வேட்டின் உரிமையாளர் யாரென்று கேட்டால் ‘தம்பி’ என்கிறது கணினி. அக்கா தன் கோப்பைத் திருத்தப் போனால் அனுமதி மறுக்கப்படுகிறது. தம்பியோ, தான் எழுதாத ஆய்வேட்டை அழிக்கவே செய்யலாம்.

கணினி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே அடையாளம் எண்தான்.

சரிசெய்வதற்கும் கவனம் வேண்டும். வட்டில் இருவருடைய கோப்புகளும் கலந்திருக்கின்றன என்றால், 1000 எல்லாவற்றையும் முதலில் 1001 ஆக்கிவிடக் கூடாது. ஆக்கினால் இருவருடையதும் ஒரே எண்ணில் சேர்ந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. யாரும் பயன்படுத்தாத மூன்றாவது எண் ஒன்று தேவை. 5000 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1000இல் உள்ளவை 5000க்குப் போகட்டும். அடுத்து 1001இல் உள்ளவை 1000க்கு. கடைசியாக 5000இல் உள்ளவை 1001க்கு. குறிப்பிட்ட எண்ணில் இருப்பவற்றை மட்டும் மாற்றச் சொல்லும் வசதி உரிமை மாற்றும் கட்டளையிலேயே இருக்கிறது. எண்கள் இருவருக்கும் சரியான பக்கம் வந்துவிடும்.

இருவரும் சேர்ந்து பயன்படுத்தும் வட்டு என்றால் வேறு வழி நல்லது: நடுவில் வந்து சேர்ந்த அந்தக் குழு. ‘குடும்பம்’ என்று ஒரு குழுவை உருவாக்கி, இருவரையும் அதில் சேர்த்து, வட்டின் உச்சிக் கோப்புறையைக் குழுவின் பெயருக்கு மாற்றி, குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுக்க வேண்டும். ஆனால் இதோடு நிறுத்தியவர்கள் மறுநாளே ஏமாறுவார்கள். அக்கா புதிதாக உருவாக்கும் கோப்பு, அக்காவின் சொந்தக் குழுவில்தான் பிறக்கும். கோப்புறையின் மேல் ‘உள்ளே பிறப்பதெல்லாம் என் குழுவையே எடுத்துக்கொள்ளட்டும்’ என்ற கூடுதல் குறி ஒன்றை வைக்க வேண்டும். அதோடு புதுக் கோப்புகளில் குழுவின் எழுதும் அனுமதி தானாக நீங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பகிர்தல் நிலைக்கும்.

பென் டிரைவ் ஏன் மறுப்பதில்லை?

பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட் வகைக் கோப்பு முறைமையோடு கடைக்கு வருகின்றன. இதன் மூலவடிவத்தை 1977இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதினார். ஒருவருக்கு ஒரு கணினி என்ற உலகத்துக்காகப் பிறந்தது அது. பல பேர் என்ற பேச்சே அங்கு இல்லை.

ஃபேட் ஒரு கோப்புக்கு ஒதுக்கும் பதிவு வெறும் 32 பைட். கோப்பின் பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3 என்று 11 பைட் பெயருக்கே போய்விடும். ஒரு பைட் சில குறிகளுக்கு: படிக்க மட்டும், மறைந்தது, கோப்புறை என்பன போல. மிச்சம், தேதி நேரத்துக்கும் கோப்பு தொடங்கும் இடத்துக்கும் அளவுக்கும். உரிமையாளருக்கு அதில் இடமே கிடையாது. குழுவுக்கும் கிடையாது.

ஆனால் லினக்ஸில் உரிமையாளர் இல்லாத கோப்பு இருக்க முடியாது. ஆகவே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஏற்றும் நேரத்தில் ஓர் உரிமையாளரைக் கற்பித்துக்கொள்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஏற்றியவர் யாரோ அவரே எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர். நிர்வாகி ஏற்றினால் அத்தனையும் ரூட்டுக்கு. இங்கே உரிமையாளரை மாற்றும் கட்டளை எடுபடாது. எழுதி வைக்க வட்டில் இடம் இல்லையே. 777 தட்டியும் பலன் இல்லாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஃபேட் வட்டில் யாருக்கு அனுமதி என்பதை ஏற்றும்போதே சொல்லியாக வேண்டும். கணினி தொடங்கும்போது ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கும். அந்த வட்டுக்கான வரியில் ‘உரிமையாளர் எண் 1000, குழு எண் இன்னது’ என்று சேர்த்தால் போதும். எந்தெந்த அனுமதிகளை விலக்குவது என்றும் ஓர் எண்ணால் சொல்லலாம். அதற்கு யூமாஸ்க் என்று பெயர். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கணக்கு. மூன்றும் சேர்ந்தால் 7. யூமாஸ்க் 007 என்றால் உரிமையாளரிடமும் குழுவிடமும் எதையும் விலக்காதே, மற்றவர்களிடம் மூன்றையும் விலக்கு என்று பொருள். குடும்ப வட்டுக்கு இதுவே பொருத்தம்.

ஆக, கேபிளும் செருகும் இடமும் இங்கே பொருட்டல்ல. ஈஎக்ஸ்டி4 வட்டு தன் உரிமையாளர்களைத் தானே சுமந்து வருகிறது. ஃபேட் வட்டுக்கு, வந்து சேரும் இடத்தில்தான் உரிமையாளர் கிடைக்கிறார்.

மறுப்புச் செய்தி எல்லாமே அனுமதியைப் பற்றியதும் அல்ல. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், விண்டோஸ் வட்டில் எழுதப் போனால் ‘படிக்க மட்டும்’ என்று வரலாம். விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்கம் என்ற வசதியில், விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் நின்றிருக்கும். அந்த நிலையில் வட்டில் கைவைத்தால் தரவு கெடலாம் என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. உரிமையாளரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. விண்டோஸுக்குத் திரும்பி அதை முழுதாக அணைக்க வேண்டும்.

எல்லோரையும் ஏற்றவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. விடை, டென்னிஸ் ரிச்சியின் ஒரு கண்டுபிடிப்பில் இருக்கிறது.

கடவுச்சொல்லை மாற்றும் நிரலை எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல் பட்டியலில் ரூட் மட்டும்தான் எழுத முடியும். ஆனால் சாதாரணப் பயனரும் தன் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும். ரிச்சி சொன்ன வழி: நிரலின் மேல் ஒரு குறி வைக்கலாம், அந்தக் குறி இருந்தால், யார் இயக்கினாலும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும். 1973இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள், 1979இல் கிடைத்தது.

அருமையான ஏற்பாடு. ஆனால் கல்லூரி ஆய்வகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாணவர் ஒருவர் வீட்டில், தானே நிர்வாகியாக இருக்கும் கணினியில், ரூட் பெயரில் ஒரு நிரலை வைத்து அந்தக் குறியையும் போட்டு, ஈஎக்ஸ்டி4 வட்டில் எடுத்து வருகிறார். உரிமையாளர் எண் 0 என்று வட்டில் எழுதியிருக்கிறது. ஆய்வகக் கணினி அதை அப்படியே நம்பி ஏற்றினால், நிரலை இயக்கிய கணத்தில் அந்தக் கணினி முழுவதும் அவர் கைக்கு வந்துவிடும்.

எனவே சாதாரணப் பயனருக்கு ஏற்றும் உரிமை கொடுக்கும்போதெல்லாம் லினக்ஸ் நிபந்தனைகள் வைக்கிறது. எஃப்எஸ்டேப் வரியில் ‘யூசர்’ என்ற சொல்லைச் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் அந்த வட்டை ஏற்றலாம். கூடவே, அதிகாரக் குறிகளை மதிக்காதே, வன்பொருளைக் குறிக்கும் கருவிக் கோப்புகளை ஏற்காதே, நிரல்களை இயக்காதே என்ற மூன்று கட்டுப்பாடுகளும் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

பென் டிரைவைச் செருகியதும் அது தானாகத் திறப்பதற்குப் பின்னாலும் இப்படி ஒரு தரகர் இருக்கிறார். யூடிஸ்க்ஸ் என்ற சேவை அது. ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. கோரிக்கை வைத்தவர் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாரா, வலைவழியாகத் தொலைவிலிருந்து நுழைந்தவரா என்று அது பார்க்கிறது. முன்னால் இருப்பவர் பென் டிரைவைச் செருகினால், கேள்வி கேட்காமல் அவர் எண்ணிலேயே ஏற்றித் தருகிறது. கணினிக்குள் நிரந்தரமாக இருக்கும் வட்டு என்றால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. பென் டிரைவ் வழிவிட, உள் வட்டு முறைப்பதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

அக்கா செருகிய பென் டிரைவ், அதே கணினியில் தம்பி தன் கணக்குக்கு மாறிப் பார்த்தால் திறக்காது. யூடிஸ்க்ஸ் அதை அக்காவின் பெயரில் உள்ள தனிக் கோப்புறைக்குள் ஏற்றியிருக்கும். அதற்குள் நுழைய அக்காவுக்கு மட்டும்தான் வழி.

777இன் விலை

உரிமையாளர், குழு, மற்றவர் என எல்லோருக்கும் மூன்று அனுமதிகளையும் திறந்துவிடுவது 777. கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒரு பயனரின் பெயரில்தான் ஓடுகிறது. வலைச் சேவைகளும் அப்படியே. அவற்றில் ஒன்றில் ஓட்டை விழுந்தால், 777 இட்ட வட்டு முழுவதும் அந்த ஓட்டைக்குத் திறந்து கிடக்கும். குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் வைத்திருக்கும் வட்டுக்கு இதைச் செய்யவே கூடாது. குழு அமைக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும்.

அனுமதியைப் பூட்டு என்று நம்பிவிடவும் கூடாது. மறுப்பது வட்டு அல்ல, கெர்னல். வட்டைக் கழற்றிக்கொண்டுபோய், தான் ரூட்டாக இருக்கும் வேறு கணினியில் மாட்டுகிறவருக்கு ஒன்பது அனுமதிகளும் ஒரு தடையே இல்லை. திருட்டுக்குப் பயந்தால் வட்டையே மறையாக்கம் செய்ய வேண்டும்.

எண்ணை மாற்றிக் காட்டும் ஏற்றம்

அக்கா, தம்பி சிக்கலுக்கு நெடுங்காலம் ஒரே மருந்துதான் இருந்தது: வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பின் எண்ணையும் மாற்றி எழுதுவது. லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால் நேரம் பிடிக்கும். அதைவிட, வட்டு பழைய கணினிக்கே திரும்பினால் எல்லாம் மறுபடி தலைகீழாகும். வாரந்தோறும் இரண்டு கணினிகளுக்கு இடையே பயணிக்கும் வட்டுக்கு இந்த மருந்து பயன்படாது.

2021இல் வெளியான லினக்ஸ் 5.12இல் இதற்கு ஒரு புது வழி பிறந்தது. கிறிஸ்டியன் பிரவுனர் முன்னின்று உருவாக்கியது. ஏற்றும்போதே ஓர் எண் மாற்று அட்டவணையைக் கொடுத்துவிடலாம்: வட்டில் 1000 என்றிருப்பதை இங்கே 1001 என்று கொள், 1001 என்றிருப்பதை 1000 என்று கொள். வட்டில் எதுவும் மாறாது. அக்கா புதிய கோப்பை எழுதினால், கணினியில் அவர் எண் 1001ஆக இருந்தாலும் வட்டில் 1000 என்றே பதியும். பழைய கணினிக்கு எடுத்துப் போனால் அங்கேயும் அது அக்காவுடையதாகவே இருக்கும். முதலில் ஈஎக்ஸ்டி4, ஃபேட், எக்ஸ்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளுக்கு இந்த வசதி வந்தது. 2023இல், ஏற்றும் கட்டளையிலேயே ஒரு விருப்பமாகச் சேர்ந்தது. அந்த அட்டவணையைக் கொடுக்கும் அதிகாரம் இப்போதும் ரூட்டிடம்தான். எண்களை மாற்றிச் சொல்லும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தால், 0 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.